ஹெச்ஓடி என்னை பயோஇன்ஃபர்மேடிக்ஸ் கிளாஸ் எடுக்கச் சொல்றார், நான் வெறும் லைப்ரரியன். என்ன பண்றது?

கேட்லாக்_பாண்டி எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். பாண்டில ஒரு தனியார் மெடிக்கல் காலேஜ்ல லைப்ரரியனா இருக்கேன், காலேஜ் பேர் வேணாம். 14 வருஷம் ஆகுது. எம்.லிப் படிச்சவ, பிளஸ் டூல காமர்ஸ், பயாலஜிக்கும் எனக்கும் பத்தாவதோட உறவு முடிஞ்சுது. இத முதல்லயே சொல்லிடறேன், ஏன்னா என் பிரச்சனையே அதுதான்.

போன மாசம் பேத்தாலஜி பிஜி தம்பி ஒருத்தர் தீசிஸ் அனெக்ஷர் பிரிண்ட் எடுக்க வந்தார். டிபார்ட்மெண்ட் பிரிண்டர் வழக்கம்போல படுத்துடுச்சுனு எங்ககிட்ட வந்தாங்க. நாலு பக்கம் முழுக்க ஜீன் பேர் லிஸ்ட். ட்ரேல இருந்து எடுத்து அடுக்கிக் குடுக்கும்போது சும்மா கண்ணை ஓட்டினேன், எல்லாம் எழுத்தும் நம்பருமா போய்னு இருக்கு, நடுவுல "2-செப்"னு ஒண்ணு, கொஞ்சம் கீழ "1-மார்", அடுத்த பக்கத்துல "9-செப்". 14 வருஷமா டியூ டேட் ஸ்டாம்ப் அடிக்கிறவ கண்ணு, தேதின்னா தனியா தெரியும். "தம்பி, ஜீன் பேர் நடுவுல தேதி எதுக்குப்பா வருது, இது என்ன திருப்பிக் குடுக்க வேண்டிய நாளா"னு கேட்டேன். நான் கிண்டலாத்தான் கேட்டேன். அவர் முகம் வெளுத்துடுச்சு. எஸ்இபிடி2 (SEPT2, செப்டம்பர் மாதிரி), மார்ச்1 (MARCH1) அப்படினு நிஜமாவே ஜீன் இருக்காம், எக்செல் அத தேதின்னு நினைச்சு தானா மாத்திடுச்சாம். அந்த தீசிஸ பார்த்து மூணு பேர் கையெழுத்து போட்டிருக்காங்க, ஒருத்தர் கண்ணுலயும் படல.

இது ஹெச்ஓடி காதுக்குப் போச்சு. சார் கூப்பிட்டு பாராட்டினார், டீ எல்லாம் குடுத்தார், அதோட விட்டிருந்தா நல்லா இருந்திருக்கும். "மேடம், அடுத்த பிஜி ஓரியண்டேஷன்ல பயோஇன்ஃபர்மேடிக்ஸ் ரிசோர்சஸ்னு, அதான் ஜீன் தகவல கம்ப்யூட்டர்ல தேடறது, மூணு மணி நேரம் நீங்க எடுங்க"ன்னு சொல்லிட்டார். வேணாம் சார்னு சொல்ல வாய் வரலை. இப்ப தூக்கம் வரலை.

என் கேள்வி இதுதான். இது லைப்ரரியன் செய்யற வேலையா? வேற எங்கயாவது செய்யறாங்களா, இல்ல நான்தான் மாட்டிக்கிட்டேனா? எத சொல்லித்தரலாம், எதத் தொடவே கூடாது? இன்னொண்ணு, நாங்க தனியார் காலேஜ், ஜர்னல் எல்லாம் வாங்கித் தர்ற அந்த ஒன் நேஷன் ஒன் சப்ஸ்கிரிப்ஷன் திட்டம் அரசு நிறுவனங்களுக்குத்தான், எங்களுக்கு வராது. அதனால காசு குடுத்து வாங்கற சாஃப்ட்வேர் எதையும் சொல்லாதீங்க ப்ளீஸ்.

---

காலாப்பட்டு_ஹாஸ்டல் எழுதியது:

அக்கா முதல்ல ஒரு சலாம். நான் பயோஇன்ஃபர்மேடிக்ஸ்ல பிஹெச்டி பண்ணினு இருக்கேன், நீங்க புடிச்ச தப்பு சாதாரண தப்பு இல்ல. 2004லயே இத எழுதிட்டாங்க. அப்புறம் 2016ல ஆஸ்திரேலியாகாரங்க ஒரு கணக்கு எடுத்தாங்க, பேப்பர்களோட சப்ளிமெண்டரில (கட்டுரையோட சேர்த்து தர்ற கூடுதல் ஃபைல்) எக்செல் ஜீன் லிஸ்ட் போட்டிருக்கறதுல கிட்டத்தட்ட அஞ்சுல ஒண்ணுல இந்தத் தப்பு இருந்துது, அதுவும் பெரிய பெரிய ஜர்னல்ல. கடைசில மைக்ரோசாஃப்ட் மாறல, ஜீன் பேருதான் மாறிச்சு. மனுஷ ஜீனுக்கு பேர் வெக்கற கமிட்டி ஹெச்ஜிஎன்சின்னு ஒண்ணு இருக்கு, அவங்க 2020ல எஸ்இபிடி2ஐ செப்டின்2ன்னும் மார்ச்1ஐ மார்ச்எஃப்1ன்னும் மாத்திட்டாங்க. எக்செல்காரங்க 2023லதான் இந்த தானா மாத்தறத நிறுத்தறதுக்கு ஒரு ஆப்ஷன் குடுத்தாங்க. உங்க பேத்தாலஜி தம்பி பழைய டேட்டா எடுத்திருப்பார், அதுல பழைய பேர்தான் இருக்கும், அதான் சிக்கிச்சு.

இப்ப உங்க கேள்விக்கு வரேன். எங்ககிட்ட வர்ற டாக்டருங்க எதுல திணர்றாங்கன்னு சொல்றேன், அதுல முக்காவாசி உங்க வேலைதான்னு நீங்களே புரிஞ்சுப்பீங்க.

ஒண்ணு பேர் குழப்பம். புத்தகத்துல ஹெர்2ன்னு இருக்கும், டேட்டாபேஸ்ல அதோட பேர் இஆர்பிபி2. பி53ன்னா டிபி53. பிஎஸ்ஏன்னு தேடினா ப்ராஸ்டேட்டும் வரும் சோரியாட்டிக் ஆர்த்ரைட்டிஸும் வரும், ஆனா அந்த ப்ராஸ்டேட் பிஎஸ்ஏவோட ஜீன் பேர் கேஎல்கே3. பழைய கார்டு கேட்லாக்ல "காண்க"ன்னு ஒரு கார்டு வெப்பீங்களே, இந்தப் பேர்ல தேடாத அந்தப் பேர்ல தேடுன்னு, அதேதான். ஹெச்ஜிஎன்சி சைட்ல ஒவ்வொரு ஜீனுக்கும் பழைய பேர், மாற்றுப் பேர் எல்லாம் வரிசையா இருக்கும். அத அத்தாரிட்டி ஃபைல், அதாவது எல்லாப் பேரையும் சேர்த்து இதுதான் சரியான பேர்னு காட்டற லிஸ்ட்னு சொன்னா உங்களுக்கு ஒரு நிமிஷத்துல புரியும், எங்க ஜூனியருக்கு புரிய வெக்க எனக்கு ஒரு வாரம் ஆச்சு.

அடுத்தது எடிஷன். இதுதான் உயிரை வாங்கும். மனுஷ ஜீனோம், அதான் நம்ம டிஎன்ஏவோட முழு எழுத்து வரிசை, ஒரே புக் இல்லக்கா, எடிஷன் எடிஷனா வருது. 2009ல வந்தது ஜிஆர்சிஹெச்37, 2013ல வந்தது 38. சிக்கிள் செல்லுக்கு காரணமான அந்த ஒரு எழுத்து மாற்றம் இருக்கே, ஆர்எஸ்334ன்னு நம்பர், அது 11வது குரோமோசோம்ல 37ம் எடிஷன்படி 5248232வது இடத்துல இருக்கு, 38ம் எடிஷன்படி 5227002. ஒரே எழுத்து, பக்க நம்பர் மட்டும் 21 ஆயிரம் தள்ளிப் போயிடுச்சு. போன வருஷம் ஒரு டாக்டர் ரிப்போர்ட்ல இருந்த நம்பர எடுத்துனு வந்து "இந்த இடத்துல ஒண்ணுமே இல்லையே"ன்னு ரெண்டு நாள் மண்டைய ஒடச்சினு இருந்தார். எந்த எடிஷன்னு கேட்டேன். அப்படி ஒண்ணு இருக்கறதே அவருக்குத் தெரியல. பாட புக்க ரெஃபரன்ஸ் குடுக்கும்போது எந்த பதிப்புன்னு கேக்கறது யாரு? நீங்கதானே.

அதே சிக்கிள் செல்லுல இன்னொரு கூத்து. பழைய புக்கெல்லாம் ஆறாவது அமினோ அமிலம் மாறுதுன்னு சொல்லும். புது முறைல எழுதினா ஏழாவது. ரெண்டும் சரி, முதல்ல வர்ற மெத்தியோனின்ற அமினோ அமிலத்த எண்ணறதா வேணாமான்றதுதான் வித்தியாசம். ஒரு பேர வெச்சு மட்டும் தேடினா இன்னொரு பேர்ல எழுதின பேப்பர் எல்லாம் போச்சு. தேடறதுல இருக்கற ஓட்டை இது, பயாலஜில இல்ல.

ஆர்என்ஏ சீக் அனாலிசிஸ் (எந்த ஜீன் எவ்வளவு வேலை செய்யுதுன்னு கணக்கு போடறது) எல்லாம் நீங்க தொடவேணாம், அது எங்க பொழப்பு 😄

---

மஞ்சக்குப்பம்_ரிட்டயர்டு எழுதியது:

அம்மா, நான் கடலூர்ல இருந்து எழுதறேன், மெடிக்கல் லைப்ரரில இருந்து ரிட்டயர்டு ஆகி ஆறு வருஷம் ஆச்சு. தட்டச்சு மெதுவா வரும், பொறுத்துக்கோங்க.

இது லைப்ரரியன் வேலையான்னு கேட்டீங்க. நீங்க பசங்களுக்கு காட்டப்போற என்சிபிஐ, அதான் ஜீன் டேட்டாபேஸ் எல்லாம் வெச்சிருக்கற அமைப்பு, எங்க இருக்குன்னு தெரியுமா? அமெரிக்காவுல நேஷனல் லைப்ரரி ஆஃப் மெடிசின்னு ஒண்ணு, பெதெஸ்தான்ற ஊர்ல, அந்த லைப்ரரிக்குள்ளதான் 1988ல என்சிபிஐ ஆரம்பிச்சாங்க. ஜீன்பேங்க்னு சீக்வன்ஸ் (டிஎன்ஏ எழுத்து வரிசை) சேர்த்து வெக்கற டேட்டாபேஸ் அதுக்கு முன்னாடி 1982ல இருந்தே லாஸ் அலமாஸ்ல இருந்துது, 1992ல லைப்ரரிக்கு வந்து சேர்ந்துது. மருத்துவக் கட்டுரை தேடற பப்மெட் 1996. உலகத்துல ஜீன் ஆராய்ச்சி பண்றவன் தினம் திறக்கிற அந்தப் பக்கத்த நடத்தறதே ஒரு லைப்ரரிதான். இத உங்க முதல் ஸ்லைடுல போடுங்க, எவனும் வாயத் திறக்க மாட்டான்.

அவங்க திடீர்னு அங்க போகல. 1879ல பில்லிங்ஸ்னு ஒரு ராணுவ டாக்டர் அந்த லைப்ரரில உக்காந்துக்கிட்டு இண்டெக்ஸ் மெடிகஸ் ஆரம்பிச்சார், உலகத்துல வர்ற மருத்துவக் கட்டுரைய எல்லாம் மாசாமாசம் தலைப்பு வாரியா அடுக்கறது. 1960ல மெஷ்னு மருத்துவத் தலைப்புச் சொல் பட்டியல் வந்துது. கட்டுரைய அடுக்கத் தெரிஞ்சவன் கைல சீக்வன்ஸ குடுத்தாங்க, அவ்ளோதான். நான் வேலைக்கு சேர்ந்தப்ப மெட்லைன்னு அந்தக் கட்டுரைப் பட்டியல் சிடில வரும், தபால்ல. புது சிடி வந்தா பிஜி பசங்க ஜெராக்ஸ் மிஷின் பக்கத்துல வரிசை கட்டி நிப்பாங்க, ஒருத்தருக்கு இருபது நிமிஷம்னு நோட்டு போட்டு வெச்சிருந்தேன். அந்த நோட்டு இன்னும் என்கிட்ட இருக்கு. சரி அது வேற கதை.

வெளிநாட்டுல செய்யறாங்களான்னா, செய்யறாங்க. சியாட்டில்ல வாஷிங்டன் யுனிவர்சிட்டி ஹெல்த் சயின்ஸ் லைப்ரரி 90கள்லயே ஆரம்பிச்சுட்டாங்க. பிட்ஸ்பர்க்ல 2002ல இருந்து லைப்ரரிக்குள்ளயே மாலிக்யூலர் பயாலஜிக்குன்னு தனி சேவை நடத்தறாங்க. ஆனா ஒண்ணு நேர்மையா சொல்லணும், அந்த மாதிரி இடத்துல பெரும்பாலும் பயாலஜில பிஹெச்டி முடிச்சவங்களையே லைப்ரரி வேலைக்கு எடுத்தாங்க. உங்கள மாதிரி காமர்ஸ்காரங்கள தூக்கி மேடைல நிறுத்தல. அதனால அவங்க கிளாஸ அப்படியே காப்பி அடிக்காதீங்க. அந்த நேஷனல் லைப்ரரியே லைப்ரரியன்களுக்குன்னு என்சிபிஐ பத்தி பயிற்சி நடத்தியிருக்காங்க, உங்க லெவலுக்கு அந்த மாதிரி பாருங்க.

நம்ம நாட்டுலயும் பாருங்க, மத்திய அரசோட பயோடெக்னாலஜி துறை (டிபிடி) 1986-87ல பிடிஐஎஸ்நெட்னு ஆரம்பிச்சப்ப அதுக்கு வெச்ச பேரே பயோடெக்னாலஜி தகவல் அமைப்பு. தகவல்னுதான் ஆரம்பிச்சுது, அப்புறம்தான் பயோஇன்ஃபர்மேடிக்ஸ்னு பேர் ஆச்சு.

படிக்கலையேன்னு பயப்படறீங்க. சிதம்பரம் தாண்டினா சீர்காழி, அங்க பொறந்த ரங்கநாதன் கணக்கு வாத்தியாரா இருந்தவர், 1924ல மெட்ராஸ் யுனிவர்சிட்டி லைப்ரரியன் வேலைக்கு வந்தப்ப அவருக்கும் இந்த வேலை புதுசுதான். அவர் போட்ட நாலாவது விதி வாசகர் நேரத்த மிச்சம் பண்ணுன்றது. மேல ஒரு தம்பி, டாக்டர் ரெண்டு நாள் மண்டைய ஒடச்சார்னு எழுதியிருக்காரே, அந்த ரெண்டு நாள்தான் உங்க கிளாஸ்.

---

ஸ்டாட்ஸ்_சிதம்பரம் எழுதியது:

எல்லாரும் பாராட்டிட்டு இருக்கும்போது நான் மட்டும் வில்லன் மாதிரி வரேன், மன்னிச்சுக்கோங்க மேடம். பயோஸ்டாட்ஸ்ல இருக்கேன், தீசிஸ் சீசன்ல என்கிட்ட வர்ற கேஸ பார்த்தா எனக்கு இந்த "எல்லாரும் பயோஇன்ஃபர்மேடிக்ஸ் கத்துக்கலாம்" ஒர்க்‌ஷாப் மேலயே அலர்ஜி வந்துடுச்சு. ஒரு நாள் ட்ரெய்னிங் போவாங்க, ஏதோ ஒரு வெப்சைட்ல டேட்டாவ போடுவாங்க, செவப்பும் பச்சையுமா ஹீட்மேப்னு ஒரு கலர் கட்டப் படம் வரும், அத கலர் பிரிண்ட் எடுத்துட்டு வந்து "சார் இதுக்கு பி வேல்யூ போட்டுக் குடுங்க"ம்பாங்க. கேன்சர் சாம்பிள் எல்லாம் ஒரு நாள் ஓட்டியிருப்பாங்க, நார்மல் சாம்பிள் எல்லாம் வேற ஒரு நாள் ஓட்டியிருப்பாங்க. அந்த வித்தியாசம் நோயால வந்துதா நாளால வந்துதான்னு பிரம்மாவாலயும் சொல்ல முடியாது. இத சொல்லித்தர மூணு மணி நேரம் பத்தாது, மூணு மாசமும் பத்தாது.

அதனால எனக்கு தெரிஞ்சு கோடு இதுதான். எங்க இருக்கு, எப்படித் தேடறது, என்ன பேர், எந்த வெர்ஷன், எப்படி பதிவு பண்ணி வெக்கறது, இது வரைக்கும் நீங்க தாராளமா போங்க. இதுக்கு என்ன அர்த்தம்னு ஒருத்தன் கேட்டா அந்த எடத்துல நின்னுடுங்க. உதாரணத்துக்கு க்ளின்வார் இருக்கு, ஒரு வேரியன்ட் (ஜீன்ல இருக்கற மாற்றம்) நோய் உண்டாக்குமா இல்லையான்னு லேபுங்க சொன்னத எல்லாம் சேர்த்து வெச்சிருக்கும். அதுல நட்சத்திரம் இருக்கும், பூஜ்யத்துல இருந்து நாலு வரைக்கும், அந்தக் கருத்த எவ்வளவு தூரம் சரிபார்த்திருக்காங்கன்றதுக்கு. ஒரு நட்சத்திரத்துக்கும் நாலுக்கும் வித்தியாசம் என்னன்னு நீங்க காட்டலாம், காட்டணும். ஆனா "இந்தப் பேஷண்டுக்கு இது ஆபத்தா மேடம்"னு ஒரு பிஜி கேட்டா ஜெனடிக்ஸ் பக்கம் கைய காட்டிடுங்க. தெரியலன்னு சொல்றது லைப்ரரியனுக்கு கௌரவக் குறைச்சல் இல்ல, டாக்டருங்களுக்குத்தான் அது வரவே வராது 🙂

அப்புறம் பேஷண்ட் டேட்டா. மறக்காம சொல்லுங்க. ஃபைல் பேர்லயே பேஷண்ட் பேரும் ஓபி நம்பரும் போட்டு, யாரு நடத்தறான்னே தெரியாத வெப்சைட்ல அப்லோட் பண்ணின ஆள நான் கண்ணால பார்த்திருக்கேன். எத்திக்ஸ் கமிட்டிக்கு எழுதிக் குடுத்ததுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல.

---

கேட்லாக்_பாண்டி எழுதியது:

அப்பாடா. ஒரே ராத்திரில இவ்ளோவா. எல்லாருக்கும் நன்றி, மஞ்சக்குப்பம் ஐயாவுக்கு ஸ்பெஷல் நன்றி, அந்த முதல் ஸ்லைடு ரெடி பண்ணிட்டேன் 😀

சிதம்பரம் சார், நீங்க வில்லன் இல்ல, நீங்க போட்ட கோடுதான் எனக்கு தைரியம். இப்பதான் மூச்சு வருது.

ஒரு சந்தேகம். நேத்து பயிற்சிக்காக நானே உக்காந்து என்சிபிஐல ஹீமோகுளோபின் பீட்டா தேடினேன். தேடினா நூத்துக்கணக்குல வருது, எல்லாம் ஒண்ணு மாதிரியே இருக்கு. ஒண்ணுல என்எம்_000518.5ன்னு இருக்கு, மத்ததெல்லாம் வேற வேற எழுத்துல ஆரம்பிக்குது. எத எடுக்கச் சொல்றது? அந்த புள்ளி 5 என்ன?

---

காலாப்பட்டு_ஹாஸ்டல் எழுதியது:

அக்கா நீங்க தேடிப் பார்த்ததே பாதி கிணறு தாண்டினது.

ஜீன்பேங்க்ன்றது தானமா வந்த புக் எல்லாம் வெச்சிருக்கற ரேக் மாதிரி. யார் வேணா அனுப்பலாம், அனுப்பினவர் எழுதினது அப்படியே இருக்கும், தப்பா பேர் எழுதியிருந்தாலும் பெரும்பாலும் அவர் வந்துதான் திருத்தணும். அதனால ஒரே ஜீன் நூறு தடவ இருக்கும். ரெஃப்சீக்ன்றது என்சிபிஐ ஆளுங்களே பார்த்து பொறுக்கி அடுக்கின ரெஃபரன்ஸ் செக்ஷன். நடுவுல அடிக்கோடு இருக்கற நம்பர் எல்லாம் ரெஃப்சீக். என்எம்னா எம்ஆர்என்ஏ, என்பின்னா புரோட்டீன், என்ஜின்னா ஜீனோம்ல அந்த ஜீன் இருக்கற பகுதி. எக்ஸ்எம், எக்ஸ்பின்னு ஆரம்பிச்சா கம்ப்யூட்டர் கணிச்சது, அத கண்ண மூடிட்டு எடுக்காதீங்க.

புள்ளிக்கு அப்புறம் வர்றது வெர்ஷன். சீக்வன்ஸ்ல ஒரு எழுத்து மாறினாலும் அந்த நம்பர் ஏறும். .4ன்னு பழைய பேப்பர்ல இருக்கும், இப்ப .5. பசங்க காப்பி பேஸ்ட் பண்ணும்போது புள்ளிக்கு அப்புறம் இருக்கறத வெட்டிடுவாங்க, அசிங்கமா இருக்காம். நீங்க மூணு மணி நேரத்துல வேற எதுவுமே சொல்லலன்னாலும் புள்ளிய வெட்டாதீங்கடான்னு மட்டும் சொல்லிட்டு வாங்க, போதும்.

---

பிஜி_செகண்ட்_இயர் எழுதியது:

மேடம் நான் வேற காலேஜ், மைக்ரோபயாலஜி. கேக்கற பக்கத்துல இருந்து சொல்றேன்.

என் தீசிஸ்ல 16எஸ் சீக்வன்ஸ் (பாக்டீரியாவ அடையாளம் காட்டற ஜீன்) பிளாஸ்ட் பண்ணி, அதாவது டேட்டாபேஸ்ல எதோட ஒத்துப்போகுதுன்னு தேடி, இந்த பாக்டீரியா இதுதான்னு எழுதியிருந்தேன். வைவாவுல (வாய்மொழித் தேர்வு) வெளில இருந்து வந்த எக்ஸாமினர் ஒரே ஒரு கேள்வி கேட்டார், "எந்த தேதில பிளாஸ்ட் பண்ணீங்க, எந்த டேட்டாபேஸ்ல?" எனக்கு தெரியல. ஸ்க்ரீன்ஷாட் இருக்கு, தேதி க்ராப் பண்ணிட்டேன். அவர் லேப்டாப்ல திரும்ப ஓட்டினார், மேல வேற பேர் வந்துது. நல்லவேளை ஜீனஸ் அதேதான், ஸ்பீசிஸ் மட்டும் மாறிடுச்சு, திட்டிட்டு விட்டுட்டார்.

அப்புறம்தான் புரிஞ்சுது, ஜீன்பேங்க் ரெண்டு மாசத்துக்கு ஒரு ரிலீஸ் வருது, தினமும் வேற புதுசு சேருது, ஜப்பான்ல இருக்கற டிடிபிஜே, இங்கிலாந்துல இருக்கற ஈஎன்ஏ, இந்த மூணும் ஒண்ணுக்கொண்ணு தினம் மாத்திக்கறாங்க. அதே சீக்வன்ஸ், அதே ஸ்கோர் வந்தாலும் டேட்டாபேஸ் பெருசாக பெருசாக ஈ-வேல்யூவும் (தற்செயலா எத்தன பொருத்தம் வரலாம்ன்ற கணக்கு) ஏறும். ரெண்டு வருஷம் முன்னாடி போட்ட ரிசல்ட்ட இன்னிக்கு அப்படியே எதிர்பார்க்க முடியாது. இத எங்களுக்கு ஒருத்தரும் சொல்லித்தரல. எல்லாரும் எந்த பட்டன அமுக்கறதுன்னு மட்டும் சொல்லித்தந்தாங்க.

அதனால ஒரு சின்ன ஃபார்ம் குடுங்க மேடம். தேதி, எந்த டேட்டாபேஸ், என்ன போட்டு தேடினோம், எத்தன வந்துது, எத எடுத்தோம், அக்செஷன் நம்பர் (அந்த என்எம்_ மாதிரி பதிவு நம்பர்) புள்ளியோட. ஒரு பக்கம் போதும். தீசிஸ் ஃபைல்ல பின் பண்ணி வெச்சா வைவால வேர்க்காது. நீங்க சிஸ்டமேடிக் ரிவ்யூவுக்கு சர்ச் ஸ்ட்ராடஜி எழுதித் தருவீங்கல்ல, அதே மாதிரி.

---

சர்வர்ரூம்_ஏசி எழுதியது:

நான் ஒரு காலேஜ்ல சிஸ்டம் அட்மின், மெடிக்கல் பத்தி ஒண்ணும் தெரியாது, ஆனா இந்த என்சிபிஐன்ற பேர பார்த்தாலே எனக்கு ஒரு கடுப்பு வரும், ஏன்னு சொல்றேன்.

ரெண்டு வருஷம் முன்னாடி ஒரு நாள் மத்தியானம் லைப்ரரில இருந்து போன், பப்மெட் வரலைன்னு. டிபார்ட்மெண்ட் டிபார்ட்மெண்டா போன். கூகுள் வருது, யூட்யூப் அருமையா வருது, பப்மெட் மட்டும் இல்ல. ஃபயர்வாலப் பார்த்தேன், கேபிளப் பார்த்தேன், ஐஎஸ்பிகாரன சண்டை புடிச்சேன். கடைசில பார்த்தா ஒரு ஆராய்ச்சி மாணவர் யூட்யூப் பார்த்து ஸ்க்ரிப்ட் எழுதி இருபதாயிரம் அப்ஸ்ட்ராக்ட (கட்டுரைச் சுருக்கம்) இறக்கினு இருந்திருக்கார், நடுவுல நிறுத்தமே இல்லாம. எங்க காலேஜ் முழுக்க வெளிய ஒரே ஐபி, அதான் நெட் முகவரி, அதுலதான் போகும், அவங்க அந்த ஐபிய அடைச்சுட்டாங்க. ஒருத்தர் பண்ணினதுக்கு ஆயிரத்து சொச்சம் பேருக்கு பப்மெட் கட்.

அவங்க ரூல் எழுதியே வெச்சிருக்காங்க, கீ இல்லாம செகண்டுக்கு மூணு ரிக்வெஸ்ட், இலவசமா ஒரு ஏபிஐ கீ (ஸ்க்ரிப்ட்ல போடற அடையாளக் குறியீடு) வாங்கினா பத்து. பெரிய வேலைன்னா வீக்கெண்ட்ல ஓட்டு, இல்ல அமெரிக்க கிழக்கு நேரம் ராத்திரி 9ல இருந்து விடியகாலை 5க்குள்ள ஓட்டுன்னு இருக்கு. இதுல நமக்கு அதிர்ஷ்டம், அவங்க ராத்திரி நமக்கு காலைல ஏழரை மணி வாக்குல ஆரம்பிச்சு மத்தியானம் மூணரை வரைக்கும் வரும், அவங்க கோடை நேரத்துல ஒரு மணி நேரம் முன்னாடி. நம்ம ஆளுங்கதான் ராத்திரி கண்ணு முழிச்சு ஓட்டுவாங்க, அவன் ஆபீஸ்ல கூட்டம் நெரியற நேரத்துல.

கிளாஸ் காலைல வெச்சுக்கோங்க மேடம். லேப்ல முப்பது பேரும் ஒரே ஐபில இருந்து ஒரே நேரத்துல பிளாஸ்ட் அமுக்கினா வரிசைல நிக்கும், பாதி பேருக்கு சுத்திக்கினே இருக்கும். அஞ்சு அஞ்சு பேரா பிரிச்சு விடுங்க. ரிசல்ட் பக்கத்த முன்கூட்டியே சேவ் பண்ணி பென்ட்ரைவ்ல வெச்சுக்கோங்க. நெட் போனாலும் போகும், நம்ம ஊரு.

---

ஸ்டாட்ஸ்_சிதம்பரம் எழுதியது:

அந்த ஒரு பக்க ஃபார்ம் நல்ல யோசனை. அத எனக்கும் அனுப்புங்க மேடம், என்கிட்ட வர்றவங்ககிட்ட அது இல்லாம உள்ள வராதன்னு போர்டு மாட்டிடறேன்.

---

கேட்லாக்_பாண்டி எழுதியது:

மூணு வாரம் கழிச்சு வரேன், எல்லாரும் என்ன ஆச்சுன்னு கேட்டிருந்தீங்க.

நேத்து கிளாஸ் முடிஞ்சுது. காலைல ஒன்பதரைக்கு ஆரம்பிச்சேன், ஏசி சார் சொன்ன மாதிரி. லேப்ல 30 சிஸ்டம்ல 19தான் ஓடுது, அதனால ரெண்டு ரெண்டு பேரா உக்காந்தாங்க, தானாவே கூட்டம் குறைஞ்சுது. முதல் ஸ்லைடு என்சிபிஐ ஒரு லைப்ரரிக்குள்ள இருக்குன்னு போட்டதும் பின் வரிசைல ரெண்டு பேர் போன கீழ வெச்சாங்க, அது போதும் எனக்கு.

பயாலஜி கேள்வி மூணு வந்துது. மூணுக்கும் "தெரியாதுப்பா, ஜெனடிக்ஸ் மேடம்கிட்ட கேளுங்க"ன்னேன். முதல் தடவ சொல்லும்போது நாக்கு ஒட்டிக்கிச்சு, மூணாவது தடவ சாதாரணமா வந்துது.

கூத்து என்னன்னா கடைசி அரை மணி நேரம். ஒரு சின்ன சிஎஸ்வி ஃபைல் (கமா போட்டுப் பிரிச்ச வெறும் டெக்ஸ்ட்) ரெடி பண்ணி வெச்சிருந்தேன், பழைய பேர்ல எஸ்இபிடி2, மார்ச்1 எல்லாம் போட்டு. முக்கால் மணி நேரம் கரடியா கத்தியிருக்கேன், டபுள் க்ளிக் பண்ணாதீங்க, எக்செல்ல காலியா ஒரு ஷீட் திறங்க, டேட்டா மெனுல போயி ஃபைல உள்ள இழுங்க, ஜீன் பேர் இருக்கற நெடுவரிசைய (column) டெக்ஸ்ட்னு மாத்துங்க, அப்புறம் லோட் குடுங்கன்னு. சரி இப்ப திறங்கன்னேன். 19 சிஸ்டம்ல 11ல டபுள் க்ளிக். 11லயும் 2-செப். அதுல ஒருத்தர் சத்தமா "மேடம் உங்க ஃபைல்லயே தப்பு இருக்கு"ன்றார்.

இன்னிக்கு காலைல லைப்ரரி திறக்கறதுக்குள்ள வாசல்ல நாலு பேர் நின்னுட்டு இருந்தாங்க, ஆளுக்கு ஒரு பென்ட்ரைவோட. அந்த பேத்தாலஜி தம்பியும் இருந்தார், அவர் ஜூனியர கூட்டிட்டு வந்திருந்தார். இருபது நிமிஷத்துக்கு ஒருத்தர்னு நோட்டு போட்டுட்டேன் ஐயா.